ஆறாவது கை

ராசியில்லாத கை என்று ஒன்று உண்டா இல்லையா என்று மற்ற இடங்களில் விவாதம் நடக்கலாம். அந்தச் சலவைக்கூடத்தில் அதற்கு வேலையே இல்லை. அந்தக் கையின் சொந்தக்காரி யார் என்று எல்லோருக்கும் தெரியும். அவளுக்குப் பேரே வெள்ளைச்சீட்டு.

பேர் வந்த கதை சின்னதுதான். பெரிய மருத்துவமனை ஒன்றின் படுக்கைவிரிப்பு, தலையணை உறை, நோயாளிகளின் அங்கி எல்லாம் அங்கே வந்து வெளுத்து, காய்ந்து, மடிந்து திரும்பிப் போகும். மடிப்பறையில் ஆறு பெண்கள். ஐந்து பேருக்கு மதியம் இரண்டு மணியிலிருந்து இரவு பத்து வரை வேலை. ஒருத்திக்கு மட்டும் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை. இந்த ஒன்பது மணி இடத்தின்மேல் ஆறு பேருக்கும் கண். அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சீட்டுக் குலுக்குவார்கள். பழைய பிஸ்கட் டப்பா, அதற்குள் நாலாக மடித்த ஆறு சீட்டு, ஒன்றில் மட்டும் துணிக்குக் குறி போடும் பேனாவால் வைத்த நீலப் புள்ளி. போன தடவை கிடைத்தவளும் மறுபடி கலந்துகொள்ளலாம். ‘போன தடவை யார், அதற்கு முந்தி யார்’ என்று பார்க்க ஆரம்பித்தால் குடுமிப்பிடிச் சண்டையில்தான் முடியும் என்று சூப்பர்வைசர் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்.

யார் முதலில் கைவிடுவது என்பதற்கு வேலைக்கு வந்த வரிசைதான் கணக்கு. துணியை உருளையில் விட்டுத் தேய்க்கும் பெரியக்கா முதல். கிழிசல் தைக்கும் தையல்காரி நாலாவது. வெள்ளைச்சீட்டு ஆறாவது. ஒருத்தி எடுத்துப் பார்த்து வெள்ளையாக இருந்தால் மடித்து உள்ளே போட்டுக் குலுக்கி அடுத்தவளிடம் தர வேண்டும். நீலம் வந்ததும் ஆட்டம் முடிந்தது. ஒரு சுற்றில் யாருக்கும் வராவிட்டால் மறுபடி பெரியக்காவிலிருந்து தொடங்கும்.

வெள்ளைச்சீட்டு வேலைக்கு வந்து ஏழு வருஷம், பதினான்கு குலுக்கல். பல தடவை டப்பா அவளிடம் வந்து சேர்வதற்குள் யாராவது நீலத்தை எடுத்திருப்பார்கள். வந்து சேர்ந்த தடவைகளில் வெள்ளை. கேலியை ஆரம்பத்தில் சிரித்தே தாண்டினாள். அதன்பிறகு கேலி பேராக மாறியது, பேர் நம்பிக்கையாக மாறியது. வீட்டில் புதுப் பொருள் எதையும் அவள் தன் கையால் பிரிக்க மாட்டாள். சோப்பு உறையைக்கூட மகள்தான் கிழிக்க வேண்டும். மகள் மேற்படிப்புக்கு விண்ணப்பம் எழுதியபோது, அதைத் தபால்பெட்டியில் போடப் பக்கத்து வீட்டுக்காரியின் கையில் கொடுத்தனுப்பினாள். அந்த இடம் கிடைத்தது. பார்த்தாயா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கிடைத்ததில்தான் வந்தது வினை. மகள் பள்ளியின் கடைசி வருஷத்தில் இருந்தாள். அது முடிந்ததும் வேறு ஊரில் விடுதியில் தங்கிப் படிக்கப் போகிறாள். அப்பா நெடுந்தூரம் லாரி ஓட்டுகிறவர், மாதத்துக்கு இரண்டு நாள் வீட்டில் இருந்தால் அதிசயம். மகள் காலை ஆறரைக்கே பஸ் பிடிக்க வேண்டும், மாலை நாலரைக்கு வீடு திரும்புவாள். அம்மாவோ ஒன்றரை மணிக்குக் கிளம்பிப் பத்தரைக்கு வருவாள், அதற்குள் மகள் தூங்கியிருப்பாள். அம்மாவும் மகளும் ஒரே வீட்டில் குடியிருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை சந்தித்துக்கொண்டார்கள். வருகிற குலுக்கலில் ஒன்பது மணி இடம் கிடைத்தால், மகள் கிளம்புவதற்கு முந்தைய ஆறு மாதமும் மாலைகள் அவர்களுடையவை. கிடைக்காவிட்டால் அதன்பிறகு கிடைத்து என்ன, கிடைக்காமல் என்ன. குலுக்கலுக்கு நான்கு மாதம் இருந்தது.

அப்போதுதான் நோட்டு வந்து சேர்ந்தது. மகள் ஒருநாள் கணக்கு நோட்டைச் சாப்பாட்டு மேசையில் திறந்தபடி மறந்துவிட்டுப் போய்விட்டாள். காப்பியோடு உட்கார்ந்த அம்மா படித்துப் பார்த்தாள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள்தான், ஆனால் கணக்கு அவளுக்குப் பிடிக்கும். ஒரு காசை ஐந்து முறை சுண்டியதில் ஐந்து முறையும் தலை விழுந்தது, ஆறாவது முறை பூ விழ வாய்ப்பு என்ன என்று கேட்டிருந்தது. அவள் யோசிக்கவே இல்லை. பென்சிலை எடுத்துக் கீழே எழுதினாள்: “நிச்சயம் பூதான். அஞ்சு தடவை ஏமாந்தவளுக்கு ஆறாவது தடவையாவது கிடைக்கணும்.”

மறுநாள் காலை நோட்டு அதே இடத்தில் இருந்தது. அவள் பதிலின்மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. கீழே மகளின் கையெழுத்து: “தப்பு. பாதிக்குப் பாதிதான். காசுக்கு ஞாபகம் கிடையாதும்மா. போன தடவை என்ன விழுந்ததுன்னு அது எழுதி வச்சுக்கறதில்லை. இதுக்குப் பேரு சார்பிலா நிகழ்ச்சி.”

அம்மாவுக்கு ரோசம் வந்துவிட்டது. துணி காயப்போட வைத்திருந்த காலை நேரம் முழுக்கக் காசைச் சுண்டிச் சுண்டிக் கோடு போட்டாள். தொடர்ந்து மூன்று தலை விழுந்த இடங்களைத் தேடிப் பிடித்து, நாலாவதாக என்ன விழுந்தது என்று பார்த்தாள். பூவும் தலையும் ஏறக்குறைய சமமாகத்தான் இருந்தன. தோற்றதை ஒத்துக்கொண்டு எழுதிவைத்தாள். அன்றிலிருந்து மகள் தினமும் ஒரு கணக்கு விட்டுவிட்டுப் போனாள், அம்மா தினமும் ஒரு விடை விட்டுவிட்டுப் போனாள். கணக்குக்குப் பக்கத்தில் மற்ற சேதிகளும் ஏறிக்கொண்டன. மகளுக்கு ஒரு தோழியோடு பேச்சு நின்றுபோனதும், அம்மாவுக்குத் தோள்பட்டை வலிப்பதும் எல்லாம் அந்த நோட்டின் ஓரங்களில்தான் ஒருவருக்கொருவர் தெரியவந்தது.

பிறகு உருண்டைக் கணக்குகள் வந்தன. ஒரு பையில் மூன்று சிவப்பு, இரண்டு பச்சை. ஒன்றை எடுத்துத் திருப்பிப் போடாமல் இன்னொன்றை எடுத்தால் இரண்டும் சிவப்பாக இருக்க வாய்ப்பு என்ன? அம்மா பொத்தான் டப்பாவைக் கவிழ்த்து, எடுத்துப் பார்த்தே விடை கண்டுபிடித்தாள். முதலில் ஐந்தில் மூன்று. ஒரு சிவப்பு போனபிறகு நாலில் இரண்டு. பெருக்கினால் பத்தில் மூன்று. பக்கத்தில் எழுதினாள்: “காசுக்குத்தான் ஞாபகம் இல்லை. பைக்கு இருக்கே. எடுத்தது எதுன்னு அதுக்குத் தெரியுது.” மகள் அதற்கு இரண்டு சரி போட்டிருந்தாள். இதுதான் சார்பு நிகழ்ச்சி, எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு இன்னும் புரியவில்லை என்று எழுதியிருந்தாள். வெள்ளைச்சீட்டுக்கு அன்று முழுக்கக் கால் தரையில் படவில்லை. படுக்கைவிரிப்பு மடிக்கும்போது பாட்டுக்கூட வந்தது.

அந்த உற்சாகத்தில்தான் அவள் முதல்முறையாகத் தானே ஒரு கணக்கு எழுதினாள். அரைப்பக்கம் வந்தது. ஆறு பெண்கள், ஒரு டப்பா, ஆறு சீட்டு, ஒரு நீலம். எடுத்துப் பார்த்துத் திருப்பிப் போட வேண்டும். நீலம் வந்தால் நிறுத்த வேண்டும். ஆறாவது ஆளுக்கு எவ்வளவு வாய்ப்பு? பதின்மூன்று தடவை இப்படிக் குலுக்கியும் ஒரு தடவைகூடக் கிடைக்காதவளின் கையை என்னவென்று சொல்வது?

மகள் மூன்று நாள் எடுத்துக்கொண்டாள். நாலாம் நாள் ஒரு முழுப் பக்கம் விடை இருந்தது. ஆயிரம் தடவை இப்படிக் குலுக்கினால் முதல் ஆளுக்கு ஏறக்குறைய இருநூற்றைம்பது தடவை கிடைக்கும், ஆறாவது ஆளுக்கு நூறு. முதல் கை உள்ளே போகும்போது ஆட்டம் எப்போதும் உயிரோடு இருக்கிறது. ஆறாவது கைக்கு வருவதற்குள் பாதிக்கு மேல் முடிந்துபோகிறது. முடியாமல் வந்தாலும், திருப்பிப் போட்ட ஐந்து வெள்ளையும் அவளுக்காக உள்ளே காத்திருக்கின்றன. கடைசியில் இப்படி முடித்திருந்தாள்: “பதிமூணு தடவை ஆறாவதா நின்னா நாலு பேர்ல ஒருத்திக்கு ஒண்ணுமே கிடைக்காது. நீ அந்த ஒருத்தி. உன் கைக்கு ஒரு கோளாறும் இல்லைம்மா. ஆமா, சீட்டைத் திருப்பிப் போடணும்னு எந்தப் புத்திசாலி சொன்னது?”

காப்பி ஆறிப்போகும்வரை வெள்ளைச்சீட்டு அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் புத்திசாலி அவளேதான்.

ஏழு வருஷத்துக்கு முன்னால், அவள் சேர்ந்த புதிதில், எடுத்த சீட்டை யாரும் திருப்பிப் போட்டதில்லை. வெள்ளை எடுத்தவள் அதைக் கையிலேயே வைத்துக்கொள்வாள், டப்பா அடுத்தவளுக்குப் போகும். முதல் குலுக்கலில் மூன்றாவது ஆளே நீலத்தை எடுத்துவிட, புதியவளுக்கு ஆற்றாமையாகிவிட்டது. எனக்கு வரும்போது டப்பாவில் ஒரே ஒரு சீட்டு கிடக்கும், எல்லோரும் பொறுக்கிப் போட்ட மிச்சம், அதற்குப் பேர் குலுக்கலா என்று கேட்டாள். எனக்கும் முழு டப்பா வேண்டும் என்றாள். கேட்டவர்களுக்கு நியாயமாகவே பட்டது. பெரியக்காகூடத் தலையாட்டினாள். அன்றிலிருந்து எல்லோருக்கும் முழு டப்பா. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டது என்றால் இதுதான். அதையும் நியாயம் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

பழைய முறையில் ஆறாவது ஆளின் வாய்ப்பு என்ன என்று அவளே போட்டுப் பார்த்தாள். அவளுக்கு நீலம் வர, முன்னால் ஐந்து பேரும் வெள்ளை எடுக்க வேண்டும். ஆறில் ஐந்து, ஐந்தில் நாலு, நாலில் மூன்று, மூன்றில் இரண்டு, இரண்டில் ஒன்று. வரிசையாக எழுதிப் பெருக்கப் போனவள் கையை நிறுத்தினாள். மேலே ஓர் ஐந்து, கீழே ஓர் ஐந்து, அடித்தாள். நாலுக்கு நாலு, மூன்றுக்கு மூன்று, இரண்டுக்கு இரண்டு, எல்லாம் அடிபட்டுப் போயின. மேலே ஒன்று, கீழே ஆறு மட்டும் மிஞ்சின. ஆறில் ஒன்று. முதல் ஆளுக்கும் அதே. நடுவில் நிற்பவளுக்கும் அதே. அந்த மிச்சச் சீட்டு மற்ற ஐந்துக்கும் ஒரு குன்றிமணிகூடக் குறைந்ததில்லை. அவளுக்கு அழுகை வந்தது. தனியாகத்தானே இருக்கிறோம் என்று கொஞ்சம் அழுதாள்.

நோட்டைக் கையோடு எடுத்துப்போய் நாலு மணித் தேநீர் நேரத்தில் விளக்கினாள். யார் காதிலும் ஏறவில்லை. எல்லோருக்கும் முழு டப்பா, எல்லோருக்கும் ஆறு சீட்டு, இதில் என்ன ஓரவஞ்சனை என்று கேட்டார்கள். பெரியக்கா கணக்கைப் பார்க்கவே இல்லை. வேணும் என்று கேட்டவளும் நீதான், கிடைக்கவில்லை என்றதும் வேண்டாம் என்கிறவளும் நீதான் என்று சொல்லிவிட்டுக் கோப்பையை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அது உண்மையாகவும் இருந்தது.

தோற்றுப்போனவள் அந்தக் கோப்பைகளைக் கழுவப் போனாள். கடைசியாக வந்தவள் என்பதால் ஏழு வருஷமாக ஆறு கோப்பையும் கெட்டிலும் அவள் தலையில்தான். குழாயடியில் நின்றுகொண்டிருந்தபோதுதான் அது தோன்றியது. மறுநாள் ஒரு விண்ணப்பம் வைத்தாள்: கோப்பை கழுவுவதற்கும் தினம் சீட்டுக் குலுக்கலாம், அதே டப்பா, அதே வரிசை, அதே மாதிரி திருப்பிப் போடுவது, நீலம் வந்தவள் கழுவ வேண்டும். ஏழு வருஷம் கழுவியவள் கேட்கும்போது முகத்தில் அடித்தாற்போல் மறுக்க முடியவில்லை. சரி என்றார்கள். துணி அலமாரியின் உட்கதவில் ஓர் அட்டையை ஒட்டி, கழுவியவள் பேருக்கு நேரே அவள் தினமும் ஒரு கோடு போட்டாள்.

ஏழு வாரம் ஓடியது. நாற்பத்திரண்டு கோடுகள். ஒருநாள் நீலத்தை எடுத்த பெரியக்கா சீட்டைக் கசக்கி மேசையில் போட்டாள்.

“என்னடி இது, எப்பப் பார்த்தாலும் என் தலையிலேயே வந்து விடியுது?”

வெள்ளைச்சீட்டு அலமாரிக் கதவைத் திறந்தாள். பெரியக்காவுக்கு நேரே பதினொன்று. அடுத்தவளுக்கு ஒன்பது. அப்புறம் ஏழு, ஆறு, ஐந்து. கடைசியில் அவள் பேருக்கு நேரே நாலு. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் பெரியக்கா நிதானமாக எண்ணிப் பார்த்தாள். மற்றவர்களும் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

“முதல்ல கை விடுறவ மாட்டிக்கறா” என்றாள் பெரியக்கா. “இது நியாயமே இல்லை.”

“இதே டப்பாதான் அக்கா. இதே விதிதான்” என்றாள் வெள்ளைச்சீட்டு.

பெரியக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். ஒன்பது மணி இடம் இதுவரை பெரியக்காவுக்கு நாலு தடவை கிடைத்திருந்தது. அந்த நாலும் இப்போது அவள் முகத்தில் ஓடிக்கொண்டிருந்தன.

“தெரிஞ்சேதான் பண்ணினியா?”

“தெரிஞ்சேதான் பண்ணினேன்.”

பெரியக்கா அட்டையை இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு சிரித்தாள், மற்றவர்களும் சிரித்தார்கள். கல்லுளிமங்கி என்று வாய் நிறையத் திட்டிவிட்டு, கோப்பைகளை எடுத்துக்கொண்டு தானே குழாயடிக்குப் போனாள். எடுத்த சீட்டை இனிமேல் யாரும் திருப்பிப் போட வேண்டாம் என்று அன்றே முடிவாயிற்று. சூப்பர்வைசருக்கு என்ன மாறியது என்று புரியவில்லை. சண்டை இல்லாவிட்டால் சரி என்றார்.

குலுக்கல் நாள் வந்தது. தேநீர் நேரத்தில் ஆறு பேரும் மடிப்பு மேசையைச் சுற்றி நின்றார்கள். வெள்ளைச்சீட்டு டப்பாவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆறில் ஒன்றுதான், பயப்படுவதற்கோ துள்ளுவதற்கோ ஒன்றுமில்லை என்று புத்தி சொல்லிற்று. மனசு அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெரியக்கா எடுத்தாள், வெள்ளை. இரண்டாவது ஆள், வெள்ளை. மூன்றாவது, வெள்ளை. டப்பாவில் மூன்றே சீட்டு. இப்போது மூன்றில் ஒன்று என்று அவள் மனசுக்குள் எண்ணினாள். தையல்காரி கையை விட்டாள், சீட்டைப் பிரித்தாள், பிரித்தபடியே நின்றாள். நீலம்.

தையல்காரிக்குத்தான் போன தடவையும் கிடைத்திருந்தது. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பெரியக்கா எல்லோருக்கும் முன்னால் வாயைத் திறந்தாள்.

“இவளுக்கு இப்பத்தானே ஆறு மாசம் முடிஞ்சுது. இவளை விட்டுட்டு நாம அஞ்சு பேரும் மறுபடி குலுக்குவோம். இந்த வெள்ளைச்சீட்டோட பொண்ணு ஊரை விட்டுப் போகப் போகுது.”

தையல்காரி தலையைக் குனிந்துகொண்டு, எனக்கும் சம்மதம்தான் என்பதுபோல் சீட்டை மேசையில் வைத்தாள். எல்லோரும் வெள்ளைச்சீட்டைப் பார்த்தார்கள். ஆறில் ஒன்று ஐந்தில் ஒன்றாகும். அவள் சரி என்று சொன்னால் போதும். தொண்டைவரை வந்துவிட்டது. ஏழு வருஷத்துக்கு முன்னால் இதே மேசைக்கு முன்னால், சீட்டு விழுந்த பிறகு, மனத்தாங்கலோடு ஒரு விதியை மாற்றச் சொன்ன புதியவள் அவளுக்கு நினைவு வந்தாள். அன்றைக்கும் எல்லோருக்கும் நியாயமாகத்தான் பட்டது.

“வேண்டாம் அக்கா” என்றாள். “சீட்டைப் பார்த்தப்புறம் விதியை மாத்தினா அது குலுக்கல் இல்லை. போன தடவை யாருக்கு வந்துச்சுன்னு டப்பாவுக்குத் தெரியாது. அவளுக்கு விழுந்தது அவளுக்குத்தான்.”

நீலச் சீட்டை எடுத்துத் தையல்காரியின் கையில் வைத்து விரல்களை மூடினாள். பிறகு தன் மேசைக்குப் போய்த் தலையணை உறைகளை மடிக்க ஆரம்பித்தாள். வலித்தது. நன்றாகவே வலித்தது. ஆனால் அன்று முழுக்க அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், அவற்றின்மேல் அவளுக்கு ஒரு கோபமும் வரவில்லை.

மறுநாள் காலை ஐந்தரைக்கு வழக்கம்போல் விழிப்பு வந்தது. வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். மகள் பூனைபோல் நடக்கும் சத்தம், பின்கட்டில் போய்க் கிளம்புவதற்காக ஷூவையும் கையில் தூக்கிக்கொண்டு கூடத்தைத் தாண்டும் சத்தம். அம்மாவின் தூக்கம் கெடக்கூடாது என்று மகள் தினமும் இப்படித்தான் போவாள். தான் விழித்திருப்பது தெரிந்தால் மகள் பேசிக்கொண்டு நின்று பஸ்ஸை விட்டுவிடுவாளோ என்று அம்மா தினமும் இப்படித்தான் படுத்திருப்பாள். ஏழு வருஷமாக ஒரு மாலைக்காக டப்பாவுக்குள் கைவிட்டுக்கொண்டிருக்கிறோம், இந்தக் காலையை யாரும் டப்பாவில் போடவில்லையே என்று அவளுக்குத் திடீரென்று உறைத்தது. எழுந்து உட்கார்ந்தாள்.

மகள் ஷூவோடு அப்படியே நின்றாள். “எழுப்பிட்டேனாம்மா?”

“இல்லை. தினமும் இந்த நேரத்துக்கு முழிச்சுதான் இருப்பேன்.”

மகள் ஷூவைக் கீழே வைத்தாள். “நான் அஞ்சு மணிக்கே முழிச்சுடுவேன்” என்றாள் பிறகு. “விளக்கைப் போட்டா நீ எழுந்துடுவேன்னு படுத்தே கிடப்பேன்.”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா அடுப்பைப் பற்றவைத்தாள். காப்பி கொதிக்கும் நேரத்தில் குலுக்கலைப் பற்றிச் சொன்னாள், தையல்காரியின் கையில் சீட்டை வைத்து மூடியதையும் சொன்னாள். மகளின் கண் கலங்கியது. அழாமல், ஐந்திலிருந்து ஆறரை வரை ஒன்றரை மணி, வாரத்துக்கு ஆறு நாள், ஆறு மாதம் என்று விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள். எண்ணி முடிக்க ஒரு தாள் தேவைப்பட்டது. பழைய நோட்டில் இடமில்லை, கடைசிப் பக்கம் முந்தின நாளே நிறைந்திருந்தது. பையிலிருந்து உறை பிரிக்காத புதுநோட்டு ஒன்றை எடுத்து, பழக்கதோஷத்தில் தானே கிழிக்கப் போனாள்.

“குடு, நான் பிரிக்கிறேன்” என்றாள் அம்மா.

உறையை ஒரே இழுப்பில் கிழித்து, முதல் பக்கத்தைத் திருப்பி, பென்சிலை மகளின் பக்கம் தள்ளினாள். பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.